குழந்தைகளும் நடக்கலாம்

குழந்தைகளும் நடக்கலாம் என்றார்கள்.
அதனால்தான் இந்தத் தடம்.
கனிஷ்காவுக்காக என்று
நானும் அவரும் பேசிவைத்துக்கொண்டோம்.
அவளிடமும் அப்படியே சொன்னோம்.

அஸ்தம்பட்டியில் பஸ் ஏறும்போது இருட்டு.
கோரிமேடு தாண்டியதும் ஜன்னல் கம்பி சில்லிட்டது.
கொண்டை ஊசி வளைவுகளை
விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்த மகள்
பதிமூன்றில் வாந்தி எடுத்தாள்.
வாயைத் துடைத்துக்கொண்டு
பதினாலு என்றாள்.

பையில்
தண்ணீர் இரண்டு பாட்டில்,
செவ்வாய்ப்பேட்டையில் நேற்றே வாங்கிய தட்டுவடை,
இரண்டு சட்னியும் பீட்ரூட் துருவலும் தனித்தனி டப்பாவில்,
பக்கவாட்டு ஜிப்பில்
நாக்கடியில் வைக்கும் மாத்திரை.
அது இருக்கிறதா என்று நான் தொட்டுப் பார்த்ததை
யாரும் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

காப்பிப் பழம் சிவக்கிற மாசம்.
சில்வர் ஓக் மரமெல்லாம் மிளகுக்கொடி உடுத்தி நின்றது.
ஜீப் போகிற அகலத்துக்கு மண்பாதை.
நடுவில் காட்டெருமைச் சாணம், ஈரமாய்.
"அது எவ்ளோ பெருசுப்பா இருக்கும்?"
"நம்ம ஆட்டோ அளவு" என்றார் செங்கோட்டுவேல்.
அந்த மூன்று சொல்லுக்கு
அவருக்கு இரண்டு மூச்சு ஆனது.

இறங்கி வந்தவர்களைக் கேட்டோம்.
"பத்து நிமிஷம்தாங்க."
கால்மணி கழித்து வேறொரு கூட்டம்:
"இன்னும் பத்தே நிமிஷம்."
விறகுக்கட்டோடு வந்த மலைக்காரம்மா மட்டும்
நின்று, எங்கள் மூவரையும்
செருப்பிலிருந்து தலைவரைக்கும் பார்த்து,
"உங்க நடைக்கா?" என்றார்.
பதில் சொல்லாமலே போனார்.

முதல் ஏற்றத்தில் அவர் குனிந்தார்,
ஷூ லேஸ் கட்டுகிறவர்போல.
"கால் வலிக்குது" என்று மகள் உட்கார்ந்துகொண்டாள்.
இரண்டாவதில் ஒரு மரத்தைப் பிடித்தார்,
பட்டையில் என்னவோ எழுதியிருப்பதுபோல.
"கால் வலிக்குதும்மா."
மூன்றாவதில்
அவர் நிற்பதற்கு முன்னாலேயே அவளுக்கு வலித்துவிட்டது.
என்னடி இது, ஸ்கூல்ல ரிலே ஓடுறவ, என்று கடிந்தேன்.
அவள் என்னைப் பார்க்கவே இல்லை.
கழற்றிவிட்ட மேல்பொத்தானுக்குக் கீழே
தையல் போட்ட கோடு
ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் நானும் வாயை மூடிக்கொண்டேன்.
உட்கார்ந்த இடமெல்லாம் நல்ல இடமாகவே அமைந்தது.
ஓரிடத்தில் எறும்புகள்
வெட்டுக்கிளியின் ஒற்றைக் காலை இழுத்துப்போயின.
ஓரிடத்தில் சும்மா காற்று.

பாறைக்கு வந்தபோது மணி பதினொன்று.
கீழே சேலம்.
உப்பைக் கொட்டினாற்போல் மேக்னசைட் குவியல்கள்.
ஐந்து ரோடு மேம்பாலம் எது என்று
கைநீட்டிக் கைநீட்டி ஒரு சண்டை.
"நீ பதினோரு நாள் படுத்திருந்த ஆஸ்பத்திரி?"
அவர் ஒரு கண்ணை மூடி,
கட்டைவிரலை நீட்டி,
ஊரின் ஒரு மூலையை மறைத்தார்.
"இதுக்குப் பின்னாடி."

தட்டுவடை நமத்துப்போயிருந்தது.
மிச்சம் வைக்காமல் தின்றோம்.

இறக்கத்தில் அவளைப் பிடிக்க முடியவில்லை.
வலித்த கால் இரண்டும்
காப்பிச் செடிகளுக்குள் முன்னே ஓடிவிட,
குரல் மட்டும் அவ்வப்போது திரும்பி வந்தது.
எதிரே ஒரு குடும்பம் ஏறிக்கொண்டிருந்தது:
கைக்குழந்தை, குடை,
இடுப்பில் கைவைத்து நின்றுவிட்ட ஒரு கனத்த மனிதர்.
"இன்னும் எவ்ளோ தூரம் பாப்பா?"
அவரை நன்றாகப் பார்த்தாள்.
"உக்கார நெறைய எடம் இருக்கு" என்றாள்.

பஸ்ஸில் இருபதிலிருந்து பின்னோக்கி எண்ணினாள்.
பதினாறில் தூங்கிப்போனாள்,
தலை அவர் தோளில், வாய் லேசாகத் திறந்து.
வண்டி திரும்பியது.
பதினைஞ்சு என்றார் அவர்,
யாருக்கும் இல்லாமல்.